பழைய 1080 டிஐயா, புது லேப்டாப் 4060ஆ? நீங்களே அளந்து பார்க்கும் முறை

சித்தி மகன் கல்லூரி விடுதிக்குப் போகிறான். "அண்ணா, டெஸ்க்டாப்பை வித்துட்டு லேப்டாப் வாங்கிடவா? ஸ்பீடு குறையாதுல்ல?" என்று கேட்டான். அவன் டெஸ்க்டாப்பில் இருப்பது சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டு. 2017இல் வந்த கார்டு. அவன் பார்த்து வைத்திருந்த லேப்டாப்பில் இருந்ததோ ஆர்டிஎக்ஸ் 4060, 2023இல் வந்தது. ஆறு வருட இடைவெளி, மூன்று தலைமுறை வித்தியாசம். "கண்டிப்பா புதுசுதான் வேகம், வாங்கு" என்று சொல்லிவிட்டேன்.

லேப்டாப் வந்தது. அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். பழைய கார்டுதான் முந்தியது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. டெஸ்க்டாப்பை அதற்குள் விற்றிருக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். அந்த இரண்டு சாயங்காலத்தில் கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். டிரைவர் போடுவது, கேமில் செட்டிங்ஸ் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் காகிதத்தில்

இரண்டு கார்டின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1080 டிஐயில் 3584 கூடா கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 11 ஜிபி நினைவகம், 250 வாட். லேப்டாப் 4060இல் 3072 கோர், 8 ஜிபி நினைவகம், 35 முதல் 115 வாட். இந்த "முதல்" என்ற சொல்லை வட்டம் போட்டு வையுங்கள், அடுத்த படி முழுக்க அதைப் பற்றித்தான்.

கோர் எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பாஸ்கல் தலைமுறை (1080 டிஐ) கோரும் ஏடா தலைமுறை (4060) கோரும் பெயரில்தான் ஒன்று. உள்ளே கட்டமைப்பு வேறு, ஓடும் கிளாக்கும் வேறு. 1080 டிஐயின் அதிகாரப்பூர்வ பூஸ்ட் கிளாக் 1582 மெகாஹெர்ட்ஸ். லேப்டாப் 4060க்கு அது வாட்டைப் பொறுத்து 1470இலிருந்து 2370 வரை போகும்.

நினைவக வேகத்தை மட்டும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், ரொம்ப எளிது. பஸ் அகலத்தை (நினைவகத்துக்கும் கார்டின் சிப்புக்கும் இடையே உள்ள பாதை எத்தனை பிட் என்பது) 8ஆல் வகுத்து, நினைவகத்தின் ஜிகாபிட் வேகத்தால் பெருக்க வேண்டும். 1080 டிஐக்கு 352 பிட், 11 ஜிகாபிட்: 44 பெருக்கல் 11, நொடிக்கு 484 ஜிபி. லேப்டாப் 4060க்கு 128 பிட், 16 ஜிகாபிட்: 16 பெருக்கல் 16, நொடிக்கு 256 ஜிபி. பழைய கார்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதியது இந்தக் குறையை எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) வைத்துச் சமாளிக்கிறது. பழையதில் 3 எம்பிகூட இல்லாத இடத்தில் இதில் 32 எம்பி இருக்கிறது. 1080பி (முழு எச்டி) திரையில் இந்தக் கேஷ் நன்றாகவே கைகொடுக்கும். 4கேவுக்குப் போகப் போக அது போதாமல், அகலமான பஸ் உள்ள பழைய கார்டின் பலம் தெரிய ஆரம்பிக்கும்.

படி 2: வாட்டைப் பாருங்கள் (எங்களைத் தடுக்கிவிட்டது இதுதான்)

டெஸ்க்டாப் கார்டில் பெயரைச் சொன்னாலே வேகம் தோராயமாகத் தெரிந்துவிடும். எந்தக் கம்பெனியின் 1080 டிஐ ஆனாலும் சில சதவீதம்தான் முன்னே பின்னே இருக்கும். லேப்டாப்பில் அப்படி இல்லை. ஒரே "ஆர்டிஎக்ஸ் 4060" என்ற பெயரில் 45 வாட்டில் ஓடும் மெல்லிய லேப்டாப்பும் உண்டு, 115 வாட்டோடு டைனமிக் பூஸ்ட் (பிராசசர் பயன்படுத்தாத வாட்டைக் கார்டுக்குத் திருப்பிவிடும் வசதி) சேர்த்து 140 என்று போட்ட தடிமனான லேப்டாப்பும் உண்டு. முன்பெல்லாம் குறைந்த வாட் மாடலை மேக்ஸ்-க்யூ என்ற பெயரால் பிரித்துச் சொன்னார்கள். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து அந்த அடையாளம் பெயரிலிருந்து போய்விட்டது. பெட்டியில் சின்ன எழுத்தில் தேடினால்தான் உண்டு.

பார்க்கும் முறை இது. என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். அங்கே "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்" என்ற வரி இருக்கும். அதுதான் உங்கள் லேப்டாப்புக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த உச்சம். அதில் டைனமிக் பூஸ்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

தம்பியின் லேப்டாப்பில் 140 என்று வந்தது. அப்படியானால் பிரச்சினை இல்லையே என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். தவறு அங்கேதான். அனுமதித்த உச்சம் வேறு, ஓடும்போது உண்மையில் இழுக்கும் வாட் வேறு. ஒரு சாயங்காலம் முழுக்க டிரைவரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து சென்சார் பக்கத்தில் போர்டு பவர் வரியைப் பார்த்தபோதுதான் விளங்கியது: கேம் ஓடும்போது 55 வாட்டைத் தாண்டவே இல்லை. அதே பக்கத்தில், வேகத்தைத் தடுப்பது எது என்று சொல்லும் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி பவரைக் காரணம் காட்டியது. கார்டுக்கு ஓட ஆசை இருந்தும் கரண்ட் கொடுக்க ஆள் இல்லை.

காரணம் ஒன்றல்ல, இரண்டு. லேப்டாப்போடு வந்த அடாப்டர் செங்கல் கனம் என்று சொல்லி, தம்பி கையிலிருந்த 100 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டிருந்தான். அந்த 100 வாட்டைத்தான் பிராசசர், திரை, கிராஃபிக்ஸ் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உடன் வந்த பெரிய அடாப்டரை மாட்டினோம். கொஞ்சம்தான் ஏறியது. அப்புறம் பார்த்தால் தயாரிப்பாளரின் மென்பொருளில் மோட் "பேலன்ஸ்டு" என்று இருந்தது. விண்டோஸ் பவர் பிளானை மாற்றினால் இது மாறாது, இரண்டும் தனித்தனி. அதைப் பெர்ஃபாமன்ஸ் மோடுக்கு மாற்றியதும் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது, போர்டு பவர் 100 பக்கம் போய் நின்றது.

140 வரை போகவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. 4060இல் 100 வாட்டை நெருங்கும்போது பெரும்பாலும் வோல்டேஜ் வரம்பு வந்துவிடும், பெர்ஃப்கேப் ரீசனில் விரெல் என்று காட்டும். அதற்கு மேல் வாட் கொடுத்தாலும் பெரிய பலன் இருக்காது. ஆகவே 100க்கும் 140க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 45க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கொடுக்கலாம்.

பேட்டரியில் போட்டுச் சோதிக்கவே கூடாது. வாட் பாதிக்கும் கீழே போய்விடும்.

படி 3: படம் எந்த வழியாகத் திரைக்குப் போகிறது

பல லேப்டாப்களில் என்விடியா கார்டு வரைந்த படம் நேராகத் திரைக்குப் போகாது. பிராசசரோடு வரும் உள் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் போகும். இதனால் பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது) குறையும், குறிப்பாக நொடிக்கு நூற்றுக்கு மேல் ஓடும் கேம்களில். மக்ஸ் சுவிட்ச் (இந்தச் சுற்றுவழியைத் தவிர்த்து கார்டை நேராகத் திரையோடு இணைக்கும் வசதி) உள்ள லேப்டாப் என்றால் டிஸ்கிரீட் மோடுக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சோதியுங்கள். அந்த வசதி இல்லையென்றால் வெளி மானிட்டரைச் செருகிப் பாருங்கள். நிறைய லேப்டாப்களில் எச்டிஎம்ஐ வாய் நேராக என்விடியா கார்டோடு இணைந்திருக்கும்.

படி 4: சோதனை

பழைய கார்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். எட்டு வருடத் தூசியோடும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டோடும் இருக்கும் கார்டை ஓட்டினால், நீங்கள் அளப்பது தூசியைத்தான். புளோயரால் ஊதி, பேஸ்ட் மாற்றி, பிறகு ஓட்டுங்கள். இரண்டு மெஷினையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் சோதியுங்கள். மே மாத மதியத்தில் ஒன்று, ஏசி போட்ட இரவில் மற்றொன்று என்றால் அந்த எண்களை ஒப்பிட முடியாது.

கருவியில் என் தேர்வு, ஆரம்பக்காரர்களுக்கு யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருள். இலவசம், கிராஃபிக்ஸ் கார்டைத்தான் பிரதானமாக அழுத்தும், 1080பி எக்ஸ்ட்ரீம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனையும் ஓட்டலாம், ஆனால் மொத்த ஸ்கோரைப் பார்க்காதீர்கள். அதில் பிராசசரும் கலந்திருக்கும். கிராஃபிக்ஸ் ஸ்கோர் என்று தனியாக வருவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேமில் பிரேமை அளக்க கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற மென்பொருள். சராசரி பிரேமோடு 1% லோ எண்ணையும் (மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் பிரேம்களின் வேகம்) அது தரும். கையில் உணரும் திணறல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரே பக்கத்தில் "இது அதைவிட இத்தனை சதவீதம் மேல்" என்று சொல்லிவிடும் ஒப்பீட்டுத் தளங்களை நான் நம்புவதில்லை. 45 வாட் லேப்டாப்பும் 140 வாட் லேப்டாப்பும் ஒரே பெயரில் ஒரே சராசரியில் கலந்துவிட்டால் அந்த எண் யாருக்குப் பயன்படும்?

லேப்டாப்பில் முதல் ஓட்டத்தின் எண்ணை எடுக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் அது அழகாக வரும். ஐந்து தடவை தொடர்ந்து ஓட்டி, மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை சராசரி எடுங்கள். லேப்டாப்பில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், கால் மணி நேரம் கழித்து நிற்கும் வேகம்தான் அதன் உண்மையான வேகம்.

டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் என்விடியா வசதி), ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவில் புதுப் பிரேம்களை உருவாக்கிச் செருகுவது) எல்லாவற்றையும் முதல் சுற்றில் அணைத்துவிடுங்கள். இரண்டாவது சுற்றில் தனியாகப் போட்டு, தனிப் பத்தியில் எழுதுங்கள். ஃப்ரேம் ஜெனரேஷன் காட்டும் எண்ணை மற்ற எண்ணோடு கலக்கக் கூடாது. இடையில் செருகிய பிரேம் கண்ணுக்குத்தான், மவுஸ் அசைவுக்குப் பதில் சீக்கிரம் வராது.

படி 5: கார்டையா அளக்கிறோம், பிராசசரையா?

தம்பியின் டெஸ்க்டாப்பில் ஆறாம் தலைமுறை ஐ7. லேப்டாப்பில் இருப்பதோ பல தலைமுறை புதியது. போட்டி வகை ஷூட்டிங் கேம்களில் லேப்டாப் வெகுவாக முந்தியதற்குக் கார்டு காரணம் அல்ல. கண்டுபிடிக்கும் வழி: அதே இடத்தில் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். பிரேம் ஏறவில்லை என்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, பிராசசர்தான் திணறுகிறது. அந்த கேமைக் கார்டு ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

எங்களுக்கு என்ன வந்தது

வாட்டைச் சரிசெய்த பிறகு டைம் ஸ்பை கிராஃபிக்ஸ் ஸ்கோர் இரண்டிலும் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. 250 வாட் தின்னும் பழைய மேல்தட்டுக் கார்டும், 100 வாட்டில் ஓடும் புது நடுத்தர லேப்டாப் கார்டும் தோளோடு தோள். அதைப் பார்த்தபோது எனக்கு இரண்டின் மீதும் மரியாதை வந்தது. 55 வாட்டில் இருந்தபோது அதே லேப்டாப் தெளிவாகப் பின்தங்கியது, அதுதான் முதல் நாள் நாங்கள் கண்டது.

சம வேகம் என்றால் வேறு விஷயங்கள் முடிவு செய்யும். 1080 டிஐயில் ரே டிரேசிங்குக்கான (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்பை வரைவது) வன்பொருள் இல்லை. டூம்: தி டார்க் ஏஜஸ் போல அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் வந்துவிட்டன, அவை அதில் ஓடாது. டிஎல்எஸ்எஸ் கிடையாது, அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரோடு திருப்திப்பட வேண்டும். 2025 அக்டோபரோடு பாஸ்கலுக்கான கேம் ரெடி டிரைவர்கள் (புதுக் கேம்களுக்காக வரும் டிரைவர்கள்) நின்றுவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். வீடியோ செய்பவர்களுக்கு ஏவி1 என்கோடர் (வீடியோவைச் சின்ன அளவில் சுருக்கும் புது முறைக்கான வன்பொருள்) 4060இல் உண்டு, பழையதில் இல்லை.

மறுபக்கம், 11 ஜிபி என்பது 11 ஜிபிதான். 8 ஜிபியில் டெக்ஸ்ச்சரைக் குறைக்கச் சொல்லும் கேம்களில் பழைய கார்டு நிம்மதியாக ஓடுகிறது. வீட்டிலேயே ஏஐ மொழி மாதிரி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அந்தக் கூடுதல் 3 ஜிபி உதவும். ஆனால் அதற்குத் தேவையான என்விடியாவின் கூடா மென்பொருளில் 13ஆம் பதிப்பிலிருந்து பாஸ்கலுக்கு ஆதரவு இல்லை, பழைய பதிப்போடுதான் காலம் தள்ள வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது: லேப்டாப்பை வைத்துக்கொள், டெஸ்க்டாப்பையும் விற்காதே. அந்தக் கார்டுக்கு இன்று கிடைக்கும் விலைக்கு அது செய்யும் வேலை மிக அதிகம். இப்போது அவன் தங்கை அதில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைப் பழகுகிறாள்.

பின்சேர்க்கை 1: கன்ட்ரோல் பேனலிலேயே 45 வாட்தான் காட்டுகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். எதுவும் செய்ய முடியாது. அது அந்த லேப்டாப்பின் வடிவமைப்பு. வேறு வாட்டுக்கான விபயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ஃபிளாஷ் செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். கார்டு போர்டோடு ஒட்டியிருப்பதால், கெட்டால் மொத்த மதர்போர்டும் போகும். அந்த லேப்டாப்பைவிட உங்கள் 1080 டிஐ வேகம்தான்.

பின்சேர்க்கை 2: வாட் சரி, மக்ஸ் சரி, இருந்தும் 1% லோ மட்டும் படுமோசம் என்று இன்னொருவர் எழுதினார். நான்கு தடவை பதில் போன பிறகு தெரிந்தது, லேப்டாப்பில் ரேம் ஒற்றைக் குச்சி. இரண்டாவது ஸ்லாட்டில் அதே வேக ரேம் ஒன்று போட்டதும் திணறல் அடங்கிவிட்டதாம். இதை நான் படி 5லேயே எழுதியிருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும், சோதனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: 600 விஏ யுபிஎஸ்ஸில் 1080 டிஐ டெஸ்க்டாப்பை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த அளவு யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டே 250, பிராசசரும் மானிட்டரும் சேர்ந்தால் கேம் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடும். 1 கேவிஏ போடுங்கள், அல்லது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். தம்பி வீட்டில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.