சோர்கி-4இல் ஃபிலிம் நகர்கிறதா என்று பார்ப்பது எப்படி?

மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கில் தயாரான ஃபிலிம் கேமரா சோர்கி-4 (1956–1973). இதில் ஃபிலிமை நகர்த்த லீவர் கிடையாது. மேலே உள்ள குமிழைத்தான் திருக வேண்டும். அது சுலபமாகச் சுற்றுவதை மட்டும் வைத்து ஃபிலிம் ஏறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஃபிலிமின் முனை அதைச் சுற்றி எடுக்கும் உருளையான ஸ்பூலிலிருந்து நழுவியிருந்தாலும் குமிழ் சுற்றும், ஷட்டரும் அடிக்கும். ரோல் முழுக்க வெறுமையாக வரும்.

மூடியைப் பூட்டியதும், இடது பக்கத்தில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். லேசாக இறுகியதும் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருந்த தொய்வு போய்விடும். இனி ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும்போதும் அந்தக் குமிழைக் கவனியுங்கள். அது எதிர்த்திசையில் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. அசையாமல் நின்றால் வெளிச்சம் இல்லாத இடத்தில் திறந்து, முனையை ஸ்பூலில் மறுபடி நன்றாகச் செருகுங்கள்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம்: முதலில் ஃபிலிமை நகர்த்துங்கள், அப்புறம்தான் ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். ஷட்டர் ஏறாத நிலையில், அதாவது ஃபிலிமை நகர்த்தாமல், வேக டயலைத் திருப்பினால் உள்ளிருக்கும் பொறி சிக்கிக்கொள்ளலாம். உக்ரைனின் கார்கிவ் நகரில் செய்த ஃபெட்-2 கேமராவுக்கும் இதே வரிசைதான்.

ரோல் முடியும் தறுவாயில் ஃபிலிமை நகர்த்தும் குமிழ் கனத்தால் பலம் கொடுக்க வேண்டாம், ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும். ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி ரீவைண்ட் செய்துவிடுங்கள்.