வீட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நெல்லைப் பக்கம் கணக்குப் போடும் முறை

“எத்தனை பெட்ரூம் போடணும்?” மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூன்று என்று சொல்லிவிட்டால் பிளான் அந்தத் திசையிலேயே ஓடிவிடும். குடியேறி ஆறு மாதத்தில் அந்த மூன்றில் ஒன்றில் அரிசிச் சிப்பமும் பழைய டிவியும் சீர்ப் பாத்திர மூட்டையும் குடியிருக்கும். வீட்டார் பட்டாசலில் (ஹாலில்) பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் இடம் பற்றாமல் போவது பெரும்பாலும் படுக்கையறையில் இல்லை. சாமான் வைப்பதிலும் அடுப்படி வேலையிலும் குளியலறையிலும்தான். ஆகவே அறையை எண்ணுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டும் ஒரு டேப்பும்

இப்போது இருக்கும் வீட்டிலேயே ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நேரத்தில் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். நாள் முழுக்க வேண்டாம். காலை ஆறிலிருந்து எட்டரை, இரவு ஏழிலிருந்து பத்து, இந்த இரண்டு நேரம் போதும். வீட்டில் நெரிசல் வருவது அப்போதுதான்.

காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 75 நிமிடம். பள்ளிக்கூட வேன் ஏழரைக்கு வந்தால், எல்லாரும் ஒரே குளியலறையை நம்பியிருக்கும் வீட்டில் தினமும் சத்தம்தான். இதற்கு இன்னொரு அட்டாச்டு பாத்ரூம் கட்டுவதைவிடச் செலவு குறைந்த வழி உண்டு. பொதுக் குளியலறையையும் கழிப்பறையையும் தனித்தனிக் கதவோடு பிரித்துப் போட்டுவிடுங்கள். கழிப்பறைக்கு மூன்றரைக்கு ஐந்து அடி, குளியலறைக்கு நாலுக்கு ஐந்து அடி, இரண்டும் சேர்ந்து 38 சதுர அடிக்குள் முடிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் போய் வரலாம்.

அடுத்து, பத்து வருடம் கழித்து இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று எழுதுங்கள். பெண் கல்யாணமாகிப் போயிருப்பாள், பையன் சென்னையிலோ துபாயிலோ இருப்பான் என்றால், பொங்கலுக்கும் ஊர்க் கோயில் கொடைக்கும் வந்து போகிற பத்து நாளுக்காக வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறை எதற்கு? சதுர அடிக்கு 2200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சுவரோடு சேர்த்து 150 சதுர அடி வரும் ஓர் அறைக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். வருகிறவர்கள் படுக்கப் பட்டாசலைப் பெரிதாகப் போடுவதே லாபம். பாய் விரித்துப் படுக்க ஆளுக்கு ஆறுக்கு மூன்று, அதாவது 18 சதுர அடி போதும். பதினொன்றுக்குப் பதினாறு பட்டாசல் 176 சதுர அடி. சோபா, டிவி ஸ்டாண்டு, நடக்கிற வழி என 60 போனாலும் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். காலையில் பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அரை அடி இடம். கட்டிலைச் சுருட்ட முடியாது.

வீட்டில் வயதானவர் இருந்தால், அவருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறையும் அதையொட்டி ஐந்துக்கு எட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த குளியலறையும் கட்டாயம். அதன் கதவு 3 அடி இருக்க வேண்டும். வழக்கமாகப் போடுகிற இரண்டரை அடிப் பாத்ரூம் கதவில் சக்கர நாற்காலி நுழைவது சிரமம். பிடித்து நடத்திக்கொண்டு போகிறவருக்கும் அவருக்கும் சேர்ந்து இடம் இருக்காது.

சாமான் தின்னும் இடம்

டேப்பை எடுத்து, புது வீட்டுக்கு வரப்போகிற ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். சாமானின் அளவு மட்டும் போதாது, அதை உபயோகிக்க முன்னால் வேண்டிய இடமும் சேர்த்து. ஸ்டீல் பீரோ மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம். கதவைத் திறந்து ஆள் நிற்க முன்னால் இரண்டே முக்கால் அடியாவது வேண்டும். வாஷிங் மெஷின் நிற்க இரண்டுக்கு இரண்டு, மூடியைத் திறக்க மேலே இடம், துணி எடுத்துப் போட முன்னால் இரண்டரை அடி. ஆறு பேர் சாப்பிடும் மேசை ஐந்துக்கு மூன்றுதான். ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் பத்துக்கு எட்டு தின்றுவிடும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இருந்தால் அந்த 80 சதுர அடி மிச்சம். பைக்குக்கு ஆறரைக்கு இரண்டரை, ஹேண்டில் பார் திரும்ப இன்னும் ஓர் அடி. காருக்குப் பத்துக்குப் பதினாறு விட்டால்தான் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து இறங்கலாம். எட்டடியில் நிறுத்திவிட முடியும், பாட்டியை இறக்க முடியாது.

பழைய வீடுகளில் அரங்கு வீடு என்று ஜன்னல் குறைவான உள்ளறை ஒன்று இருக்கும். நெல்லும் நகையும் வெண்கலப் பானையும் அதில். இன்றைய பிளானில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பரணில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஏழடி உயரத்துப் பரணில் 25 கிலோ சிப்பத்தை ஏற்றி இறக்குவது யார்? பரணுக்கு வருடத்தில் இரண்டு தடவை தொடுகிற சாமான் மட்டும் போகட்டும். அரிசி, புளி, வற்றல், கருப்பட்டி, தேங்காய், எண்ணெய் டின், இன்வர்ட்டர், ஸ்டூல், துடைப்பம் இதற்கெல்லாம் அடுப்படியை ஒட்டி ஆறுக்கு எட்டில் ஓர் அறை போடுங்கள். மூன்று பக்கமும் ஒன்றரை அடி ஆழத்தில் தட்டு. மூட்டை நிற்கிற பக்கம் மட்டும் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி வையுங்கள். இந்த 48 சதுர அடி ஒரு பெட்ரூமைக் காப்பாற்றும்.

பத்துக்குப் பத்து என்பது எவ்வளவு?

பேச்சில் பத்துக்குப் பத்து என்பதைப் பிளானில் சுவரின் நடுவிலிருந்து நடுவுக்குக் குறித்திருந்தால், 9 அங்குலச் செங்கல் சுவர் போனது போக 9 அடி 3 அங்குலம். இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சு போனால் 9 அடி 2 அங்குலம். அதில் ஐந்தடி அகலக் கட்டிலைப் போட்டால் மிச்சம் 4 அடி 2 அங்குலம். எதிர்ச்சுவரில் பீரோ 19 அங்குலம் எடுத்தால், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே 2 அடி 7 அங்குலம். அதுவும் கட்டிலை மறுபக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான். சுவர்ப்பக்கம் படுக்கிறவர் இரவில் எழுந்தால் அடுத்தவரைத் தாண்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பீரோவைத் திறந்து வைத்துப் புடவை தேடுகிற நேரத்தில் வேறு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது.

சுவரும் பூச்சும் போக உள்ளளவு 11 அடி இருந்தால் கட்டில் 5, பீரோ 1 அடி 7 அங்குலம், முன்னால் 2 அடி 9 அங்குலம், மறுபக்கம் 1 அடி 8 அங்குலம் என்று சரியாக உட்காரும். தேசியக் கட்டட விதிநூல் குடியிருக்கும் அறைகளில் ஒன்றுக்காவது சொல்வது குறைந்தது 9.5 சதுர மீட்டர், ஏறக்குறைய 102 சதுர அடி, குறுகிய பக்கம் 2.4 மீட்டர். அது கீழ்வரம்பு. அதையே குறியாக வைத்துக் கட்ட வேண்டாம். ஆக, பிளான் கையில் வந்ததும் எல்லா அறைக்கும் உள்ளளவைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எங்கே என்பதையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். நான்கு சுவர் இருந்தும் பீரோ நிற்க ஒரு சுவர் கிடைக்காத அறைகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

மனையடி சாஸ்திரம் பார்க்கிற குடும்பம் என்றால் இன்னொரு சிக்கல். உள்ளளவு 10, 11, 16, 17 ஆகும், நடுவில் 12 முதல் 15 வரை ஆகாது என்பார்கள். 11 பற்றவில்லை என்று 16-க்குத் தாவினால் அறைக்கு 50 சதுர அடிக்கு மேல் கூடிவிடும். அதற்குப் பதில் 11 அடி உள்ளளவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் இரண்டடி ஆழத்துக்குச் சுவர் அலமாரியைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். பீரோ அதற்குள் போய்விடும். இதை முதல் நாளே சொல்ல வேண்டும். பிளான் முடிந்த பிறகு சொன்னால் மேஸ்திரி ஒரு சுவரை நகர்த்துவார், அது பக்கத்து அறையைக் கெடுக்கும்.

அடுப்படியும் புறவாசலும்

எட்டுக்குப் பதினொன்றில் அடுப்படி போதும். அதில் இரண்டடி ஆழத் திட்டு (சமையல் மேடை) மொத்தம் 14 அடி நீளத்துக்காவது வர வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வைத்தால் நடுவே 4 அடி மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் பில்டர் மூன்றும் எப்போதும் திட்டிலேயே இருப்பதால் அவற்றுக்கு 4 அடியை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

மாடுலர் கிச்சன் படங்களில் வராத ஒன்று நம் வீட்டுக்கு வேண்டும்: புறவாசலில் ஐந்துக்குப் பத்து இடம். சிங்கில் அடங்காத அண்டாவும் இட்லிக் கொப்பரையும் விளக்க, மீன் கழுவ, முறுக்குச் சுட, வாஷிங் மெஷின் வைக்க. ஒரு மூலையில் நாலுக்கு மூன்றில், 4 அங்குல விளிம்பு கட்டி அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்) போட்டுவிட்டால் தண்ணீர் வெளியே ஓடாது. இதற்கு மேலே ஓடோ தகடோ போட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியும் அங்கேயே காயும்.

வெயிலும் வெள்ளமும் குறைக்கும் இடம்

பிளானில் இருக்கிற எல்லா இடமும் வருடம் முழுக்க உபயோகப்படாது. தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே உள்ள மாடி அறையில் சித்திரை, வைகாசி மதியம் இருக்க முடியாது. இரவு பத்து மணிக்கும் சுவர் சூடு விடும். அதை முழு அறையாக எண்ணாமல் அரை அறை என்று கணக்கில் வையுங்கள். மேற்குப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை வந்தால் அந்த வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலும் காற்றும் மேற்கிலிருந்துதான். அங்கே அந்தப் பக்கத்துத் தார்சாவுக்கு (வராந்தாவுக்கு) மூன்றடியாவது தாழ்வாரம் இறக்கவில்லை என்றால் மூன்று மாதம் அது வெறும் ஈரத் தரை.

2023 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்து, தாமிரபரணிக் கரையோரம் மனை வாங்குகிறவர்கள் பத்திரங்களும் அரிசியும் ஏற்றி வைக்க மாடியில் ஒரு சின்ன அறையாவது ஒதுக்க வேண்டும். அங்கே ஒற்றைத்தள வீடு சரியான தீர்மானம் இல்லை.

தண்ணீருக்கும் இடம் வேண்டும். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து பேருக்கு மூன்று நாள் தாங்க 2000 லிட்டர். நாலுக்கு நாலு, ஆழம் நாலரை அடித் தொட்டி. கார் நிற்கிற இடத்துக்கு அடியில் போட்டுவிடலாம்.

கூட்டிப் பார்த்தல்

அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். எல்லாம் உள்ளளவு: பட்டாசல் 176, அடுப்படி 88, சாமான் அறை 48, புறவாசல் 50, ஒரு படுக்கையறை 121, பாட்டியும் பேத்தியும் இருக்கும் அறை 110, அதை ஒட்டிய குளியலறை 40, பொதுக் குளியலறையும் கழிப்பறையும் 38, நடைவழி 30. மாடிப்படி தனி. பத்தடி உயரத் தளத்துக்கு ஆறு அங்குலத்தில் 20 படி, இரண்டாக மடக்கிப் போட்டால் ஏழுக்குப் பதின்மூன்றரை, 95 சதுர அடி. மொத்தம் 796. சுவர்களுக்காக இதை 0.85-ஆல் வகுத்தால் 936 சதுர அடி கட்டடம்.

இனி மனை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்டில் 26-க்கு 50 மனை என்று வைத்து, முன்னால் 5, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டால் மிஞ்சுவது 20-க்கு 42, அதாவது 840. (விட வேண்டிய இடம் சாலை அகலத்தைப் பொறுத்து மாறும், என்ஜினியரிடம் கேட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.) 936 இதில் அடங்காது. 121 சதுர அடிப் படுக்கையறையை மாடிக்கு ஏற்றினால் கீழே 794, அடங்கிவிடும். ஆனால் மேலே ஒரு குளியலறைக்கு 40 கூடும், கார் கனவு போய்விடும். பைக்கோடு சரி. நாலு சென்டில் 30-க்கு 58 மனையில் இதே மாதிரி விட்டால் 24-க்கு 50, அதாவது 1200. அங்கே காருக்கான 160-ஐயும் சேர்த்து 1096-இல் எல்லாம் கீழேயே அமைந்துவிடும். ஆகவே மூன்றா நாலா என்பதைத் தீர்மானிப்பது காரும் மாடி ஏறும் முழங்காலும்தான்.

பிளாட் வாங்குகிறவர்கள் இந்த 796-இலிருந்து மாடிப்படியைக் கழித்துவிட்டு, விற்பவர் பொது இடத்தின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்அப் எண்ணைப் பார்க்காமல், வீட்டுக்குள் உபயோகிக்கிற இடமான கார்ப்பெட் ஏரியாவோடு ஒப்பிடுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி அதில் உள்சுவர் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது.

வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும் முன்

காகிதத்தில் சரியாக இருப்பது காலில் இடிக்கும். மனையைச் சமன் செய்ததும் சுண்ணாம்புத் தூளோ கோலப்பொடியோ போட்டு, உள்ளளவுப்படி ஒவ்வோர் அறையையும் முழு அளவில் தரையில் வரையுங்கள். கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள். பழைய வீட்டிலிருந்து இரண்டு பாய், நாலு நாற்காலி, பீரோ அளவுக்கு வெட்டிய அட்டை கொண்டுபோய் வைத்து, அடுப்படியில் தினமும் நிற்கிறவரையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து சாமான் அறைக்கு, அங்கிருந்து புறவாசலுக்கு, ஒரு கையில் குடத்தோடு. கூரை இல்லாத இடத்தில் அறை உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும், அதனால் கண்ணை நம்பாமல் டேப்பை நம்புங்கள். எங்கே உடம்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதோ அந்தக் கோட்டைக் காலால் அழித்து அரை அடி தள்ளிப் போட்டு, புது அளவைப் பிளானில் ஏற்றிய பிறகே ஆட்களை வரச் சொல்லுங்கள்.