புண் ஆறியது பறங்கிப்பட்டையாலா?

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை கேட்டால், கடைக்காரர் குரலைத் தாழ்த்தி "மேகத்துக்கா?" என்பார். மேகம் என்றால் உடலுறவால் தொற்றும் நோய், முக்கியமாகச் சிபிலிஸ். பறங்கிப்பட்டை செம்பழுப்பாக, கட்டை போல இறுகிய கிழங்குத் துண்டுகள். பொடித்துப் பாலில் ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார்கள். முடிவதற்குள் புண் ஆறிவிடும். சாப்பிட்டவர் அடுத்தவருக்கும் ரகசியமாக அதையே சொல்வார்.

பெரிய தவறு இங்கேதான். சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. எந்த மருந்தும் தொடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறும். கிருமி மட்டும் உடம்பிலேயே இருக்கும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். பல வருஷம் கழித்து மூளையையோ இதயத்தையோ பிடிக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இதே கிழங்கை இதே நோய்க்கு நம்பிக் குடித்தார்கள். கிருமியை ஒழித்தது 1943-இல் வந்த பெனிசிலின் சிகிச்சைதான். ஆரம்பத்திலேயே போனால் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே வேளை ஊசியோடு முடிகிற விஷயம் இது.

"மஞ்சளும் வேம்பும் கிருமியைக் கொல்லும் என்று ஆய்வே சொல்கிறதே?" என்பார்கள். சரி, ஆய்வகத் தட்டில் கொல்லும். நாம் விழுங்கும் மஞ்சளின் சத்தோ ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும். இன்னொரு பால்வினை நோயான வெட்டைக்கு (கொனோரியா) சந்தன எண்ணெயையும் வால்மிளகையும் ஒரு காலத்தில் இங்கிலீஷ் வைத்தியர்களும் கொடுத்தார்கள். நல்ல மருந்து வந்ததும் விட்டுவிட்டார்கள்.

நடவு நாளில் நீர்க்கடுப்பு வந்தால் "வெயில் சூடு" என்று இளநீரும் வெந்தயமும் குடிப்பது நம் வழக்கம். கடுப்போடு சீழும் வந்தால் அது சூடு இல்லை, வெட்டையாக இருக்கலாம். பெண்களுக்கு வெட்டை அறிகுறியே இல்லாமல் இருந்து, கருக்குழாய் அடைபட்ட பிறகு தெரியவரும்போதுதான் மனசு பதறுகிறது.

என்ன சேர்த்திருக்கிறது என்று சொல்லாமல் தரும் செந்தூரம், பற்பம் போன்ற புடம் போட்ட பொடி மருந்துகள் வேண்டவே வேண்டாம். பாதரசம் இருந்தால் சிறுநீரகம் போய்விடும். புண்ணில் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். வெந்து போகும், டாக்டருக்குப் புண்ணின் அடையாளமும் தெரியாது.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097 என்ற எய்ட்ஸ், பால்வினை நோய் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கணவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு மனைவியிடம் மறைத்தால் நோய் திரும்ப அவருக்கே வரும். அவள் கர்ப்பமாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.