பழைய மாருதி 800 ஸ்லோவில் நிற்கவில்லையா? ஸ்க்ரூவைத் தொடும் முன் ஏர் லீக்கைத் தேடுங்கள்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் என் 1997ஆம் ஆண்டு மாருதி 800 அணைந்துவிட்டது. அதற்கு முன் மூன்று மாதங்களாகவே வண்டி ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், நிற்காமல் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் வண்டி நிற்கும்போதெல்லாம் வலது காலின் முன்பாதியால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலேட்டரையும் மிதித்தபடி நாளை ஓட்டிவந்தேன். வளைவில் அணைந்த வண்டியைக் கண்ட பிறகு அந்தச் சாமர்த்தியம் போதாது என்று புரிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின; அவற்றில் மூன்று, தொடக்கூடாத ஸ்க்ரூவை முதலில் தொட்டதால் வீணானவை.

இங்கே சொல்வது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்ரேட்டர் வைத்த பழைய 800க்கானது. 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின், நல்ல நிலையில் இருக்கும்போதே நான்கு சிலிண்டர் வண்டியைவிடச் சற்று அதிகமாக அதிரும். கியர் தண்டு மெல்ல நடுங்குவதை நோய் என்று எண்ணி அதன் பின்னால் ஓட வேண்டாம். எஞ்சின் சுற்று ஏறி ஏறி இறங்குவதும், நான்கு நொடிக்கொருமுறை மூச்சு முட்டுவதுபோலத் தொய்வதும், காலை எடுத்தால் அணைவதுமே நாம் சரிசெய்ய வேண்டியவை.

கருவிகள் அதிகம் வேண்டாம். நீளமான தட்டைத் திருப்புளி, ஸ்பேனர் செட், பிளேயர், ஸ்டீல் ஸ்கேல், முக்கால் முழம் ரப்பர் குழாய், துணிக்கு இஸ்திரி போடுவோர் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஆகியவை போதும். ஸ்பேனரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன். மலிவான செட் ஒன்று என் கார்ப்ரேட்டர் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிட்டது, அதைக் கழற்றவே ஒரு முழுக் காலை போயிற்று.

முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் முழுவதும் விடுபட்டிருப்பதை உறுதிசெய்து, ஏசி இருந்தால் அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேளுங்கள். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு மிஸ்ஸிங் வந்தால் ஒரு சிலிண்டரில் கோளாறு. பிளக், பிளக் ஒயர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஏர் ஃபில்ட்டரைத் தட்டிப் பார்ப்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். தாளமே இல்லாமல் சுற்று அலைந்தால் பெரும்பாலும் எங்கோ ஏர் இழுக்கிறது என்று பொருள். கார்ப்ரேட்டர் வழியாக வராத காற்று அதற்குக் கீழே எஞ்சினுக்குள் நுழையும்போது கலவை மெலிந்துவிடுகிறது. ஸ்லோவில் எஞ்சின் குடிக்கும் காற்று மிகக் குறைவு என்பதால் சிறு கசிவுகூட அங்கே பெரிதாகத் தெரியும்; வேகமாக ஓட்டும்போது அதே கசிவு தெரியாமல் மறைந்துவிடும்.

கசிவைத் தேட, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு வேக்யூம் ஹோஸின் (எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்) மேலும் நகர்த்துங்கள். சீறும் ஒலி அங்கே தனித்துக் கேட்கும். சுழலும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் குழாயையும் சட்டைக் கையையும் எட்டவிடாதீர்கள். பிறகு துணி சுற்றிய பிளேயரால் ஒவ்வொரு ஹோஸாக மெல்ல அழுத்துங்கள். எதை அழுத்தும்போது தள்ளாட்டம் நிற்கிறதோ அந்தத் தடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் ஹோஸை விரலால் வளைத்தும் பாருங்கள், அடிப்பக்கம் வெடித்திருந்தாலும் மேலிருந்து பார்க்கையில் நலமாகவே தெரியும். பெட்ரோலோ கார்ப்ரேட்டர் கிளீனரோ தெளித்துச் சோதிக்கும் வழக்கம் பரவலாக உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை; சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் நெருப்பை அழைக்க வேண்டிய அவசியம் என்ன? இஸ்திரி பாட்டில் தண்ணீரே போதும். கசிவின் மேல் படும்போது அது உறிஞ்சப்பட்டு எஞ்சின் ஒலி ஒரு கணம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளக் ஒயரிலும் மட்டும் தெளித்துவிடாதீர்கள்.

நான் இடறிய இடம் இதற்கடுத்தது. ஹோஸ்கள் எல்லாம் நலமாக இருந்தன. கார்ப்ரேட்டரின் அடியில், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டோடு சேரும் விளிம்பில் தண்ணீர் தெளித்தபோது மட்டும் ஒலி மாறியது. இடையில் கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட் போய்விட்டது என்று எண்ணி, செவ்வாய்ப்பேட்டையில் புதிது வாங்கிப் போட்டு, நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடிய வண்டி மூன்றாம் நாள் பழையபடி தள்ளாடியது. இன்னும் இறுக்கினேன், இன்னும் மோசமானது. ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இறுக்க இறுக்க அது வாய் பொளக்குது. கழட்டி ஸ்கேல் வெச்சுப் பாருங்க."

அவர் சொன்னதே சரி. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின் கார்ப்ரேட்டரை எடுத்து, அதன் அடிவிளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நட்டு இறங்கும் காதுகள் இரண்டும் வளைந்திருக்க, நடுவில் ஒரு பிறைபோல வெளிச்சம் தெரிந்தது. அலுமினிய விளிம்பு, இறுக்கும் இடத்தில் தாழ்ந்து நடுவில் எழும்பிவிடுகிறது. அது எழும்ப எழும்ப நாம் இறுக்குகிறோம், நாம் இறுக்க இறுக்க அது எழும்புகிறது. சமதளமான கண்ணாடித் துண்டின் மேல் 400 கிரேடு உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் விளிம்பை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துச் சமன்செய்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, புதிய கேஸ்கெட்டோடு பூட்டினேன். நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக இறுக்குங்கள். குட்டை ஸ்பேனரை மூன்று விரலால் பிடித்து இறுக்கும் அளவே போதும். இரண்டு நாள் ஓட்டிய பின், ஆறிய எஞ்சினில் ஒருமுறை சரிபாருங்கள்.

கசிவு இல்லையென்றால் அடுத்தது ஸ்லோ சொலினாய்டு, அதாவது ஸ்லோவுக்கான பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு. சாவியைத் திருப்பும்போது கார்ப்ரேட்டரிலிருந்து "டக்" என்ற ஒலி வர வேண்டும். வராவிட்டால் ஒயர் கழன்றிருக்கும் அல்லது சொலினாய்டு இறந்திருக்கும், காலை எடுத்தவுடன் வண்டி அணைவதற்கு அது ஒன்றே போதும். ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருந்தால் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொள்ளுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இப்போதுதான் ஸ்க்ரூ. அதிலும் ஒரு பொறி உண்டு. கசிவு இருந்த நாட்களில் வண்டி அணையாமல் இருக்க, ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். நானும் அதையே செய்தேன். அப்போது காற்றுப்பாதையைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு அதிகம் திறந்துகொண்டு, அடுத்த கட்டத்துக்கான பெட்ரோல் துளைகள் வேலைசெய்யத் தொடங்கிவிடுவதால், ஸ்லோவில் கலவையின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பலன் தெரியாது. மிக்ஸ்சர் ஸ்க்ரூ மாற்றமே தரவில்லையென்றால், ஸ்பீடு ஸ்க்ரூவை முதலில் தளர்த்துங்கள். பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணியபடி மெதுவாக அடியைத் தொடும்வரை திருகி, அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். சூடான எஞ்சினில் கால் சுற்றாக நகர்த்தி, ஒலி உயர்ந்து சீராகும் இடத்தைப் பிடித்து, ஸ்பீடு ஸ்க்ரூவால் எஞ்சினை நிமிடத்துக்கு 900 சுற்றை ஒட்டி இறக்குங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள்.

இந்த டியூனிங்கை எங்கே செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. காற்றழுத்தம் மேலே ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்ப்ரேட்டருக்கு இது தெரியாது. கீழே சரியாக இருந்த கலவை மேலே பெட்ரோல் மிகுந்ததாகி, சுற்றும் சற்று இறங்கும். ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் காபி குடிக்க நிறுத்தியபோது வண்டி மந்தமாக நின்றால் அங்கேயே திருப்புளியை எடுக்காதீர்கள், எடுத்தால் சேலம் இறங்கியதும் கலவை மெலிந்து மறுபடி தள்ளாடும். ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்கள் மட்டும் அங்கே செட் செய்துகொள்ளலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், மலை ஏறி நிறுத்திப் பத்து நிமிடத்தில் மீண்டும் கிளப்பினால் மட்டும் தன் வண்டி தள்ளாடுவதாக எழுதியிருந்தார். அது கசிவல்ல. ஏற்றத்தில் சூடான எஞ்சினின் வெப்பத்தில் கார்ப்ரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துக் கலவையைக் குலைக்கிறது. ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்துப் பிடித்தபடி கிளப்பினால் சில நிமிடத்தில் தானே அடங்கும்; பானெட்டைச் சற்றுத் திறந்து வைத்தாலும் உதவும்.

இன்னொருவருடையது, கார்ப்ரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டி. அதில் திருகுவதற்கு மிக்ஸ்சர் ஸ்க்ரூ கிடையாது. ஹோஸ் சோதனை மட்டும் அப்படியே பொருந்தும். அதன்பின் த்ராட்டில் பாடியிலும் ஸ்லோ கட்டுப்பாட்டு வால்விலும் படிந்த கரியைத் துணியால் துடைத்தபோது அவர் வண்டி சரியானது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை விரைவில் கெடுக்கும் என்பதால், இருபது வயது கடந்த ஹோஸ்களை எந்த வண்டியாக இருந்தாலும் ஒன்றிரண்டாக அல்லாமல் முழுதாகவே மாற்றிவிடுங்கள்.