கூடையில் வந்ததைச் சமைப்பது எப்படி: தை மாதத்தில் ஒரு வாரம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூடை வந்து இறங்கும். கடையம், பாவூர்சத்திரம் பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து பாளையங்கோட்டையில் வீடு வீடாகக் கொடுக்கிற காய்கறிக் கூடை அது. மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ. உள்ளே இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. அந்த வாரம் வயலில் எது பறிப்புக்கு வந்ததோ அதுதான் வரும்.

ஆரம்பத்தில் எனக்கு இது பிடிபடவே இல்லை. கூடையை பிளாஸ்டிக் பைகளோடு அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவேன். பிறகு யூடியூபில் ஆசைப்பட்ட சமையலைப் பார்ப்பேன். அதற்கு வேண்டிய காய் கூடையில் இருக்காது. கடைக்குப் போய் வாங்கி வருவேன். புதன்கிழமை கீரைப் பையைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர் ஒழுகும். அம்மாவிடம் போனில் புலம்பினேன். "எலே, கீரைய அன்னைக்கே ஆஞ்சிருக்கணும்லா? நாலு நாளு அது எப்படிக் காத்துக்கிட்டிருக்கும்?" என்றாள்.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. இன்று என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கும் முன், எது முதலில் வாடும் என்று பாருங்கள். வாரத்தின் பாதிச் சமையல் அப்போதே முடிவாகிவிடும். சமையலுக்குப் புதியவர் என்றாலும் பயப்பட வேண்டாம், இதில் கடினமான வேலை ஒன்றுமில்லை. கூடை கிடைக்காத ஊர்க்காரர்கள் உழவர் சந்தைக்குப் போய் இதே கணக்கில் வாங்கலாம். 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள், இப்போது பல ஊர்களில் இருக்கிறது. எங்கள் ஊரில் மகாராஜநகர். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

தையில் என்ன வரும்?

ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வளர்ந்தவை எல்லாம் மார்கழியிலும் தையிலும் கைக்கு வரும். போன வாரம் எங்களுக்கு வந்தது இது: தண்டுக்கீரை ஒரு கட்டு, முருங்கைக்கீரை ஒரு கொத்து, கொத்தமல்லி, அவரைக்காய் கால் கிலோ, பச்சை மொச்சை அரைக் கிலோ, வெள்ளைக் கத்தரிக்காய், முள்ளங்கி, தக்காளி, சிறுகிழங்கு முக்கால் கிலோ, தடியங்காய் ஒரு கீற்று, வாழைக்காய் இரண்டு, கொஞ்சம் சின்ன வெங்காயம். தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி, நெல்லைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

அவரையும் மொச்சையும் ஒரே செடியினம். நாட்டு ரகங்கள் பகல் குறுகுகிற பனிக்காலத்தில்தான் பூக்கும். சித்திரையில் நல்ல மொச்சை தேடினால் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். முருங்கைக்காய் இதற்கு நேர்மாறு. மழைக்குப் பிறகு காய்ப்பு குறைந்து மார்கழி, தையில் விலை ஏறி நிற்கும், கோடையில் மரம் கொள்ளாமல் தொங்கும். சாம்பார் என்றால் முருங்கைக்காய் இருந்தே ஆக வேண்டும் என்று இந்த மாதத்தில் அடம்பிடிக்காதீர்கள். முள்ளங்கி இருக்கிறது.

படி 1: பிரிப்பது (சனிக்கிழமை, 40 நிமிடம்)

இந்த ஒரு படியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். மூன்று குவியல் போடுங்கள். இரண்டு நாள் தாங்காதவை முதல் குவியல்: கீரைகள், கொத்தமல்லி. நான்கைந்து நாள் தாங்குபவை இரண்டாவது: அவரை, மொச்சை, கத்தரி, தக்காளி, முள்ளங்கி, நறுக்கிய தடியங்காய். மூன்றாவது குவியல் பத்து நாளானாலும் கவலையில்லாதது: கிழங்கு, வெங்காயம். வாழைக்காயை இரண்டாவதில் வையுங்கள், பழுத்துவிடும்.

எதையும் கழுவி வைக்காதீர்கள். ஈரம்தான் அழுகலுக்கு முதல் காரணம். கீரையின் வேரை நறுக்கிவிட்டு, மஞ்சள் இலைகளைக் களைந்து, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள், பூச்சாடி மாதிரி. முள்ளங்கியின் தழையை உடனே வெட்டிவிட வேண்டும். ஒட்டியிருந்தால் கிழங்கில் உள்ள நீரைத் தழை இழுத்துக்கொள்ளும், இரண்டு நாளில் முள்ளங்கி தொய்ந்துவிடும். வெட்டிய தழையை எறியாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கீரையோடு சேரும். தக்காளியும் கிழங்கும் வெங்காயமும் வெளியே, காற்றோட்டமாக. கிழங்கை மண்ணோடு வையுங்கள். கழுவினால்தான் கெடும்.

படி 2: வாரத்தை எழுதி ஒட்டுவது

ஒரு துண்டுச் சீட்டு போதும். என் சீட்டு இப்படி இருந்தது: ஞாயிறு கீரைக் கடைசல், திங்கள் அவரைப் பொரியலும் ரசமும், செவ்வாய் மொச்சை கத்தரிக்காய்க் குழம்பு, புதன் முள்ளங்கி சாம்பார், வியாழன் தடியங்காய் மோர்க்குழம்பு, வெள்ளி சிறுகிழங்குப் பொரியல், சனி மதியம் மிச்சமெல்லாம் சேர்த்துக் கூட்டாஞ்சோறு.

உங்கள் கூடையில் வேறு காய் வரும். பரவாயில்லை. பெயரைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். சுரைக்காய், புடலை, பீர்க்கு, தடியங்காய் எல்லாம் நீர்க்காய். கூட்டு, மோர்க்குழம்புக்கு ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போடலாம். சேனை, சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் பொரியலுக்கோ புளிக்குழம்புக்கோ போகும். சேனையும் சேம்பும் நாக்கில் அரிக்கும், அவற்றைப் புளித்தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

படி 3: கீரைக் கடைசல் (ஞாயிறு)

ஆய்ந்த கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒவ்வொரு முறையும் கீரையை மேலிருந்து அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரை மேலேயே விழும். மண்சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், ஐந்து பல் பூண்டு, ஆறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம் போட்டுக் கொதித்ததும் கீரையைச் சேருங்கள். மூடி வேண்டாம். மூடினால் பச்சை நிறம் போய்ப் பாசி நிறமாகிவிடும். எட்டு நிமிடத்தில் தண்டு நசுங்கும். அப்போது உப்பு. முதலிலேயே போட்டால் குவியலைப் பார்த்து ஏமாந்து அதிகம் போட்டுவிடுவீர்கள், கீரை வெந்ததும் ஒரு கைப்பிடிதான் இருக்கும். மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் கடுகும் உளுந்தும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். பசையாகிவிடும், எனக்குப் பிடிக்காது.

திங்கள்கிழமை அவரைக்காய்க்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நார் எடுத்து, பொடியாக நறுக்கி, தாளிப்பில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. அன்று இரவு தூங்கும் முன் ஒரு வேலை மட்டும் மறக்காதீர்கள்: மொச்சையை உரித்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அரைக் கிலோவை உரித்த பிறகு பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும், பாதிக்கு மேல் தோடுதான்.

படி 4: மொச்சை கத்தரிக்காய்க் குழம்பு (செவ்வாய்)

இரவெல்லாம் ஊறிய மொச்சையை விரலால் அமுக்கினால் மேல்தோல் கழன்று பருப்பு துள்ளி வெளியே வரும். இதுதான் பிதுக்கம்பருப்பு. பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். அவசரமென்றால் தோலோடும் சமைக்கலாம், ருசியில் ஒரு படி குறையும்.

பருப்பை உப்புத் தண்ணீரில் 10 நிமிடமும், தோலோடு என்றால் 20 நிமிடமும் வேகவைத்து இறக்குங்கள். சட்டியில் மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம். ஒரு டஜன் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் நாலாகக் கீறிய கத்தரிக்காயும் ஒரு தக்காளியும். இரண்டு ஸ்பூன் குழம்புப் பொடி, மொச்சை, அது வெந்த தண்ணீர்.

கத்தரிக்காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி. புதிதாகச் சமைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. புளி சேர்ந்த பின் காயும் பருப்பும் எளிதில் வேகாது. எவ்வளவு எரித்தாலும் நறுக்கென்றே நிற்கும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போனதும் இரண்டு ஸ்பூன் அரைத்த தேங்காய் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்குங்கள். மறுநாள் காலை தோசைக்கு இது இன்னும் நன்றாக இருக்கும்.

புதன்கிழமை சாம்பாருக்கு முள்ளங்கியைத் தனியாக எண்ணெயில் லேசாக வதக்கிவிட்டுச் சேருங்கள், அந்தக் காரநெடி அடங்கும். வியாழக்கிழமை மோர்க்குழம்பில் தடியங்காயைத் தனியே வேகவைத்து, அரைத்த விழுதும் கடைந்த தயிரும் கலந்து, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் திரிந்துபோகும்.

படி 5: சிறுகிழங்கு (வெள்ளி)

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சீராகக் கொடுக்கிற பொங்கல்படியில் சிறுகிழங்கு இல்லாவிட்டால் எங்கள் பக்கம் அதைப் படியாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பார்க்கக் கோலிக்குண்டு அளவு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். வேகும்போது வருகிற மண்வாசனை உருளைக்குக் கிடையாது.

தோலெடுப்பதுதான் மலைப்பு. அரிவாள்மனையில் ஒவ்வொன்றாகச் சீவ உட்கார்ந்தால் விடிந்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஒரு சுத்தமான சணல் சாக்கில் போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்து, சிமெண்ட் தரையிலோ துவைக்கிற கல்லிலோ துணி துவைப்பது போலப் புரட்டிப் புரட்டித் தேயுங்கள். பத்து நிமிடத்தில் மண்ணும் தோலும் முக்கால்வாசி போய்விடும். ஒட்டியிருப்பதைக் கத்தி நுனியால் சுரண்டி உடனே தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். விரலும் கறுக்கும். இரண்டு நாள் அலுவலகத்தில் கையை மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குக்கர் வேண்டாம். நான் முதல் தடவை நாலு விசில் விட்டேன், திறந்தால் களி. சட்டியில் கிழங்கு மூழ்கத் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள் போட்டு 12 நிமிடம் கழித்து ஒன்றைக் குத்திப் பாருங்கள். ஈர்க்குச்சி இறங்கினால் வடித்துவிடலாம். பெரியதை இரண்டாக நறுக்குங்கள். தேங்காய்ச்சில் கொஞ்சம், மூன்று வற்றல், அரை ஸ்பூன் சீரகம், இரண்டு பல் பூண்டு, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, கிழங்கைப் போட்டு ஐந்து நிமிடம் முறுகவிட்டு, கடைசியில் அரைத்ததைச் சேர்த்துப் பிரட்டுங்கள். ரசஞ்சோற்றுக்கு வேறொன்றும் கேட்காது.

படி 6: கூட்டாஞ்சோறு (சனி மதியம்)

ஆறு நாள் கழித்துக் கூடையைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். இரண்டு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், நாலு அவரை, ஐந்தாறு சிறுகிழங்கு, பாதித் தக்காளி. தனித்தனியே இவை எதற்கும் காணாது. திருநெல்வேலிக்காரர்கள் இதற்கென்றே ஒரு சோறு வைத்திருக்கிறோம். மாதிரிக்குச் சொல்கிறேன், காய் எதுவானாலும் நறுக்கியபின் மொத்தம் இரண்டு டம்ளர் வந்தால் போதும். முருங்கைக்கீரை மட்டும் கட்டாயம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே உருவி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சனி வரை தாங்கும்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. அரிசியைக் கழுவி ஊறவையுங்கள். அகலமான பாத்திரத்தில் ஐந்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு முதலில் பருப்பை மஞ்சள்தூளோடு போடுங்கள். பருப்பு அரைவேக்காடானதும் அரிசி, வாழைக்காய், கிழங்கு. அரிசி பாதி வெந்ததும் கத்தரி, அவரை, தக்காளி. அரைக்க வேண்டியது: அரை மூடித் தேங்காய், ஐந்து வற்றல், ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு சின்ன வெங்காயம். அரிசி வெந்த பிறகு சிறு நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், உப்பு, அரைத்த விழுது, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். அடிப்பிடிக்கும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் போதாவிட்டால் வெந்நீர் ஊற்றுங்கள். கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிய வேண்டும், ஆறினால் இன்னும் இறுகிவிடும்.

கடைசியில் மூன்று ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலையோடு கறிவடகத்தை உதிர்த்துப் பொரித்து மேலே கொட்டி மூடிவிடுங்கள். வடகம் இல்லையென்றால் சின்ன வெங்காயத்தைச் சிவக்க வறுத்துப் போடலாம், ஆனால் அந்த மணம் வராது. தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல் பொரியுங்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் கூடையைத் தட்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மண் ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தருவார். இந்த வாரம் சேம்பு வருகிறதாம். புளி எடுத்து வைத்திருக்கிறேன்.