முன்பதிவுப் பொருள் தாமதமானால் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

முன்பதிவுச் சண்டையில் உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி ஒன்றுதான்: ஆர்டர் போட்ட அன்று கடை காட்டிய டெலிவரி தேதி. தேதி தள்ளிப்போனால் தளத்தில் பழைய தேதி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பணம் கட்டியதுமே ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உறுதி மெயிலோடு சேர்த்து வையுங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளுக்குப் பணம் திருப்பித் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புயல், வெள்ளம் போல யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு. ‘கம்பெனியிலிருந்து ஸ்டாக் வரவில்லை’ என்பதையும் அந்தக் கணக்கில் எழுதப் பார்ப்பார்கள்; ஒத்துக்கொள்ளாதீர்கள்.

‘புதிய தேதிக்குச் சம்மதமா?’ என்று மெயில் வந்தால் பட்டனை அழுத்த வேண்டாம். சம்மதித்துவிட்டால் பழைய தேதியைச் சொல்லி வாதாடுவது கஷ்டம். போனில் கத்துவதாலும் பயனில்லை, பதிவு இருக்காது. தளத்தில் கொடுத்திருக்கும் குறைதீர் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்:

“ஆகஸ்ட் 10-க்குள் தருவதாகச் சொல்லி ரூ.18,999 வாங்கினீர்கள். இன்று ஆகஸ்ட் 14. ஆர்டரை ரத்து செய்கிறேன். முழுத் தொகையையும் நான் செலுத்திய அதே கணக்குக்கு 7 நாளில் அனுப்புங்கள். வாலட், கூப்பன் வேண்டாம்.”

7 நாள் என்பது நாமே வைக்கும் கெடு. விதிப்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

‘ரீஃபண்ட் போட்டாச்சு’ என்று பதில் வந்து பணம் வராவிட்டால், பணம் அனுப்பியதற்கான அடையாள எண்ணைக் கேளுங்கள்: கார்டு என்றால் ஏஆர்என், யுபிஐ என்றால் யுடிஆர். எண்ணைத் தரத் தயங்கினால் பெரும்பாலும் பணம் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். இஎம்ஐயில் வாங்கியிருந்தால் பணம் வந்த பிறகும் தவணை ஓடலாம். அதை ரத்து செய்யச் சொல்லி வங்கிக்குத் தனியாக எழுத வேண்டும்.

கார்டில் கட்டியவர்கள் வங்கியில் ‘பொருள் வரவில்லை’ என்று சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். பொதுவாக 120 நாள் கெடு உண்டு. கடைக்காரர் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுக்கும்போது கரைவது இந்த நாட்கள்தான்.

கடை அசையவில்லையா? 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பல கடைகள் இதற்கே இறங்கி வரும். ஆனால் அந்த மையம் பேசித்தான் பார்க்கும், உத்தரவு போடாது.

உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. மனுவில் அசலோடு வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள்.