மும்பையில் நிற்கும் கேரவனைச் சாலிகிராமத்தில் இருந்தபடியே வாங்குவது

ஷூட்டிங்கில் நடிகர்கள் மேக்கப் போடவும் உடை மாற்றவும் நிறுத்தும் வண்டிதான் கேரவன். அதை விற்பவர் அனுப்பும் முதல் போட்டோவில் எப்போதும் சோபாதான் இருக்கும். அடுத்து பல்பு சுற்றிய மேக்கப் கண்ணாடி, நீல வெளிச்சம் போட்ட சீலிங். இதையெல்லாம் வடபழனியில் ஆளைப் பிடித்தால் ஒரு வாரத்தில் புதிதாகச் செய்துவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸையும் ஆர்.சி. புக்கையும் அப்படிச் செய்ய முடியாது. அவற்றின் போட்டோவை யாரும் தாமாக அனுப்பவும் மாட்டார்கள். நாம்தான் விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருடமாக ஹேர் டிரெஸ்ஸர். ஷூட்டிங் நாட்களில் பாதிப் பொழுது கேரவனுக்குள்தான் போகும். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் 2019-இல் ஒரு பழைய கேரவன் வாங்கி வாடகைக்கு விட்டேன். 2023-இல் இன்னொன்று. இரண்டுமே வெளிமாநில வண்டி, இரண்டையும் நேரில் பார்க்காமல்தான் வாங்கினேன். கால்ஷீட்டை விட்டுவிட்டு நாலைந்து நாள் போய்வர வழியில்லை. முதல் வண்டி ஏழு மாதம் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல் நின்றது. இரண்டாவது வந்த மறுவாரமே ஓட ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதுதான் இது.

தேடும்போது ‘வேனிட்டி வேன்’ என்று தேடுங்கள். மும்பையில் அதுதான் பேர். கேரவன் என்று தேடினால் சுற்றுலா வண்டிகள்தான் அதிகம் வரும்.

விலை பேசும் முன் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஓனர் பேர் அல்ல, வண்டியின் வகை. என் முதல் வண்டி அங்கேதான் மாட்டியது. ஆர்.சி.யில் ஆம்னி பஸ், இத்தனை சீட் என்று இருந்தது. உள்ளே இரண்டு ரூம், இரண்டு டாய்லெட். யாரோ பஸ்ஸை வாங்கி உள்ளே பிரித்துக் கட்டிவிட்டு, அதை ஆர்.சி.யில் ஏற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். இங்கே பெயர் மாற்றப் போனபோது இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்த்துவிட்டு, “சீட்டெல்லாம் எங்கம்மா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்டக் கூடாது. அனுமதி வாங்கி மாற்றினால் அது ஆர்.சி.யில் ஏற வேண்டும். அதைச் சரிசெய்ய எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை. விற்ற டீலர் அதற்குள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அதனால் ஆர்.சி.யில் கேம்பர் வேன் என்றோ மோட்டார் கேரவன் என்றோ இல்லாத வண்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

வண்டி நம்பரை எம்-பரிவாஹன் ஆப்பில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, பேங்க் கடன் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடன் இருந்தால் பேங்கின் கடிதமும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வராமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பாக்கி அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாஹன் சமன்வய்’ இருக்கிறது. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

டீலரையும் கேளுங்கள். பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அந்தச் சான்றிதழ் படிவம் 29பி. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிப்பது 29சி. இந்த இரண்டும் இருப்பவர், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.க்குத் தானே விண்ணப்பிக்கலாம். இல்லாதவர் வெறும் புரோக்கர்தான். பழைய ஓனர் கையெழுத்துக்கு நீங்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சேஸ் நம்பரைப் போட்டோவாக வாங்காதீர்கள். பேப்பரை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு அது எப்படியும் வேண்டும், அதனால் கேட்பதில் தப்பில்லை. மொத்தம் பதினேழு எழுத்தும் எண்ணும் இருக்கும். டாடா வண்டி என்றால் எம்.ஏ.டி. என்று ஆரம்பிக்கும். பெரும்பாலான நம்மூர் வண்டிகளில் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும்: 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல். ‘2020 மாடல்’ என்று எனக்கு வந்த ஒரு வண்டியின் அச்சில் பத்தாவது எழுத்து ஜே. அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன். டயரிலும் இப்படி நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். ஆறு டயரையும் கிட்டப் போய்க் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம்.

இனி வீடியோ கால். வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு அவர்கள் கூப்பிடும் நேரத்துக்குப் போகாதீர்கள், நீங்கள் ஒரு நேரம் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் வண்டிக்கு வெளியே, கீழே. கேரவன் துருப்பிடிக்கும் விதம் சாதாரண வேன் மாதிரி இருக்காது. கழிவுத் தொட்டி கசிந்தால் அந்த அழுக்குத் தண்ணீரும், டாய்லெட் கழுவும் ஆசிடும் ஒன்றாகச் சேர்ந்து சேஸ் மேலேயே சொட்டும். மேலே தரைக்கு அடித்த பிளைவுட்டும் அங்கேதான் ஊறும். ஆகவே டாய்லெட்டுக்கு நேர் கீழே உள்ள இரும்பைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். டாய்லெட்டுக்குள் ஒருவரை நிற்க வைத்து, காலை மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னால் தரை அமுங்குகிறதா என்பது போனிலேயே தெரியும்.

இங்கே வீடியோ மட்டும் போதாது. நம் சார்பில் ஒரு ஜோடிக் கண் அங்கே போக வேண்டும். எனக்குத் தாராவியில் பெரியம்மா மகன் இருக்கிறான், டாக்சி ஓட்டுகிறான். 2023-இல் முதலில் நான் ஆசைப்பட்டது வேறொரு வண்டி. உள்ளே தேக்கு, தோல் சோபா, அவ்வளவு அழகு. அவன் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். “அக்கா, கீழ படுத்துப் பார்த்துட்டேன். தட்டுனா மாவு மாதிரி கொட்டுது. வேண்டாம்.” அந்த ஒரு போன் எனக்கு எத்தனை லட்சம் மிச்சம் செய்தது என்று இன்றும் நினைப்பேன். இரண்டாவது வண்டிக்கு அவனோடு, அதைத் தயாரித்த கம்பெனியின் வண்டிகளை வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரையும் அனுப்பினேன். அவருக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். சொந்தக்காரர் இல்லாதவர்கள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே கேட்டு ஆளை அமர்த்திக்கொள்ளலாம். டீலர் காட்டும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

கரன்ட் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. விற்பவர் ஏ.சி.யைப் போட்டுக் காட்டுவார், அணைப்பார். கீசரைப் போடுவார், அணைப்பார். தனித்தனியாக எல்லாமே ஓடும். ஷூட்டிங்கில் அப்படி ஓட்டுவதில்லை. 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் சுமாராக 6 கிலோவாட் தரும். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு ஓடினால் மூன்று கிலோவாட்டுக்கு மேல். கீசர் இரண்டு கிலோவாட். என் ஹேர் டிரையர் ஒன்றேகால். கூட்டிப் பாருங்கள், அங்கேயே தாண்டிவிட்டது. பக்கத்து ரூமில் காஸ்ட்யூமர் அயர்ன் பாக்ஸைப் போட்டாரென்றால் ஹீரோயினுக்குப் பாதித் தலை சுருட்டியபடி எல்லாம் அணைந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நாற்பது நிமிடம், கால் கட் ஆகாமல், வோல்ட் மீட்டரைப் பார்த்தபடி ஓட்டச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 200-க்குக் கீழே விழுந்தால் ஜெனரேட்டரையோ ஒயரிங்கையோ மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். மழைக் காட்சி முடிந்து ஈரக் காலோடு ஒரு பெண் இரும்புப் படியில் ஏறுவாள். அவளுக்காகத்தான் இது. இதில் சமரசமே கிடையாது.

ஜெனரேட்டர் புகையும் அப்படித்தான். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைப் பக்கம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அதற்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். ராத்திரியில், ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, அது இருக்கும் பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடச் சொல்லுங்கள். உள்ளே ரூம் விளக்குகளை அணைத்துப் பார்த்தால் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் வரும். சைலன்சர் வாய் கதவுப் பக்கமோ ஜன்னல் பக்கமோ பார்த்திருக்கக் கூடாது. வண்டி வந்ததும் ரூமுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிவிடுங்கள்.

தண்ணீர் பம்ப், ஃபிளஷ் எல்லாம் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். பழுது என்றால் இங்கே மாற்ற அதிகம் ஆகாது.

பணம். என் இரண்டாவது வண்டிக்குப் பதினாறரை லட்சம் கேட்டு 15,20,000-க்கு முடிந்தது. பேப்பர் எல்லாம் சரிபார்த்த பிறகு டோக்கன் 50,000. சேஸ் நம்பர் மாறினாலோ என்.ஓ.சி. வராவிட்டாலோ டோக்கன் திரும்ப வரும் என்பதை டீலரின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்கினேன். எங்கள் டிரைவர் அண்ணன் ரயிலில் போய், வண்டியை ஓட்டிப் பார்த்து, “எடுக்கலாம்மா” என்று சொன்னதும் 13,20,000 ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அனுப்பினேன். மிச்சம் ஒன்றரை லட்சம், என்.ஓ.சி.யான படிவம் 28 என் கைக்கு வரும்வரை என்னிடமே இருந்தது. டீலர் இரண்டு நாள் முகம் சுளித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். அந்த ஒன்றரை லட்சம் பாக்கி இருந்ததால்தான் என்.ஓ.சி. வேகமாக வந்தது என்பது என் நம்பிக்கை. அக்கவுன்ட் பேரும் இன்வாய்ஸ் பேரும் ஜி.எஸ்.டி. தளத்தில் காட்டும் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மச்சான் அக்கவுன்ட்டில் போடுங்கள்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ரொக்கமும் வேண்டாம், ஒரு வியாபாரத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே அனுமதிப்பதில்லை.

டிரெய்லரில் ஏற்றாமல் ஓட்டியே வரச் சொன்னேன். மும்பை முதல் சென்னை வரை ஒரே நெடுஞ்சாலை, 48-ஆம் நம்பர், சுமார் 1,330 கிலோமீட்டர். புறப்பட்ட சில மணி நேரத்தில் கண்டாலா மலை ஏற்றம் வந்துவிடும். என்ஜின் சூடு ஏறுகிறதா என்பது அங்கேயே தெரிவதால், ஏதாவது என்றால் அன்றே திருப்பிக் கொண்டுபோகலாம். கோலாப்பூரில் ஒரு ராத்திரி, சித்ரதுர்காவில் ஒரு ராத்திரி, மூன்றாம் நாள் வண்டி வந்துவிட்டது. கிளம்பும் முன் எஃப்.சி., இன்சூரன்ஸ், டேக்ஸ், பொல்யூஷன் நான்கும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஓனரின் ஃபாஸ்டேகை ரத்துசெய்யச் சொல்லிப் புதிதாக எடுங்கள்.

வந்த பிறகு ஓய்ந்து உட்கார வேண்டாம். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் நம் பேருக்கு மாற்றக் கேட்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கு முப்பது நாள். வெளிமாநில நம்பரோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, டி.என். நம்பர் எடுத்தே ஆக வேண்டும். இங்கே கட்ட வேண்டிய டேக்ஸ் எவ்வளவு என்று வாங்கும் முன்பே நம்ம ஆர்.டி.ஓ.வில் கேட்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, வண்டி வந்த அன்றே நான் செய்தது. கதவுப் பூட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். கண்ணாடிகளையும் ஏ.சி. கிரில்லையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, பின்னால் கேமராவோ தேவையில்லாத ஒயரோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய வண்டி எத்தனை கைகள் மாறி வந்திருக்கும், யாருக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் வெளிவந்த ஹேமா குழு அறிக்கையில், உடை மாற்றவும் ஒதுங்கவும் இடமில்லாமல் மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஈ.சி.ஆர். வெயிலில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பிள்ளைகள் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். என் வண்டியில் இரண்டாவது ரூம் டாய்லெட் அவர்களுக்கும் உண்டு என்று ப்ரொடக்ஷன் மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் பெரிய பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று போட்டிருக்கிறேன்.